விசைப்பலகைக்கு ஒரு துபாஷி

பொருளொன்று பயனற்றுப் போவது இரு வகையில் நிகழ்கிறது. தேய்ந்தும் உடைந்தும் பயனற்றுப் போவது ஒரு வகை. தான் சற்றும் பழுதுபடாமல் இருக்க, தன்னோடு பேச வல்லது உலகில் இல்லாமையால் பயனற்றுப் போவது மற்றொரு வகை. முதல் வகைக்கு மருந்து அரிது. இரண்டாம் வகைக்கு மருந்து உண்டு. அது பெரும்பாலும் மலிவானதுமாகும். இரு தரப்பு மொழியும் அறிந்த ஒரு துபாஷியை நடுவே நிறுத்துவதே அம்மருந்து.

நம் ஊவா மலைநாட்டு மக்களுக்கு இது புதிய செய்தியன்று. தேயிலைத் தொழிற்சாலைகளிலே கொழுந்தை உருட்டும் பழைய ரோலர் யந்திரங்களைக் கண்டவர் பலர் இருப்பர். அக்காலத்தில் நீர்விசையாலோ நீராவியாலோ எண்ணெய் எஞ்சினாலோ ஒரு நெடுந்தண்டு சுழல, அதிலிருந்து இறங்கிய வார்ப்பட்டைகள் அவற்றை இயக்கின. பின்னர் மின்மோட்டார் வந்தது. ரோலரை எறிந்துவிட்டா மோட்டாரை வைத்தார்கள்? இல்லை. மோட்டாரின் வேகத்தை ரோலரின் வேகத்துக்கு மாற்றித் தரும் ஓர் இணைப்பை நடுவே வைத்தார்கள். பழைய இரும்பு புதிய விசையால் ஓடிற்று. கணினியுலகில் இதே வேலை இன்று ஓய்வுநேரக் கலையாக வளர்ந்து வருகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட விசைப்பலகைகளை இன்றைய கணினியோடு இணைத்துப் பயன்படுத்துவதே அக்கலை. அதன் நுட்பத்தை மாணவரும் இல்லத்தாரும் அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில், நம் தமிழ் எழுத்தின் வரலாற்றிலும் இதே கதை ஒருமுறைக்கு இருமுறை நடந்திருக்கிறது.

முனையம் என்பது யாது?

இன்று கணினி என்றால் மடியில் வைக்கும் பெட்டி நம் நினைவுக்கு வருகிறது. 1960களிலும் 1970களிலும் நிலைமை வேறு. கணினி தனி அறையில் வீற்றிருக்கும்; அதனைப் பயன்படுத்துவோர் பலர் வெவ்வேறு மேசைகளில் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் முன்னும் இருந்த கருவிக்கு முனையம் என்று பெயர். ஆங்கிலத்தில் டேர்மினல் என்பர். தொடக்கத்தில் தந்தி அச்சுப் பொறிகளே முனையங்களாகப் பயன்பட்டன. 1963இல் வெளிவந்த டெலிடைப் 33 என்ற பொறி கணினியின் விடையைக் காகிதச் சுருளில் தட்டித் தந்தது. பின்னர்க் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட வீ.டி. 100 முனையம் பெரும் புகழ் பெற்றது. அதே நிறுவனம் 1983இல் வீ.டி. 220 முனையத்தோடு அளித்த எல்.கே. 201 விசைப்பலகையைப் பார்த்தால் நம் வீட்டு விசைப்பலகையின் மூதாதை என்று கண்டுகொள்ளலாம். கீழே மூன்று, மேலே ஒன்று என்று இன்று நாம் காணும் அம்புக்குறி விசைகளின் அடுக்குமுறை அதில் இருந்தே பரவியது.

அக்காலத்து விசைப்பலகைகள் நாள் முழுதும் தட்டுவோருக்காகச் செய்யப்பட்டவை, ஆதலின் உறுதியானவை. ஐ.பி.எம். நிறுவனத்தார் செய்த சிலவற்றில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சிறு சுருள்வில் நிற்கும். விசையை அழுத்தினால் வில் ஓரளவு வரை தாங்கி நின்று, பின் ஒருங்கே வளைந்து மடியும். அக்கணத்தில் ‘டக்’ என்றோர் ஒலி எழும்; எழுத்து பதிந்தது என்று விரலுக்கும் செவிக்கும் ஒருங்கே தெரியும். மெல்லிய றப்பர்க் குமிழ்களின்மேல் அமைந்த மலிவான விசைப்பலகைகளுக்குப் பழகியவர்கள் இதனைத் தொட்டுப் பார்த்தால் வேற்றுமையை உடனே உணர்வர். முனையங்கள் மறைந்தன, அவற்றை ஆட்டிவைத்த பெருங்கணினிகளும் பல மறைந்தன. விசைப்பலகைகள் மட்டும் சாகாமல் கிடக்கின்றன. அவற்றின் செருகி இன்றைய கணினியின் எந்தத் துவாரத்திலும் பொருந்துவதில்லை. அவற்றின் பேச்சும் இன்றைய கணினிக்கு விளங்குவதில்லை.

விசை பேசும் மொழி

விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அது அனுப்புவது ஓர் இலக்கம் மட்டுமே.

விசைகளுக்கு அடியில் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒவ்வொரு விசையும் ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு நெடுக்குக் கம்பியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. தோட்டத்திலே ஒருவரது வீட்டைச் சொல்லும்போது இன்ன லயம், இத்தனையாவது காம்பரா என்று சொல்வதில்லையா? விசைக்கும் அவ்வாறே விலாசம் உண்டு. பலகையினுள் இருக்கும் சிறு சில்லு, பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது போல, ஒவ்வொரு வரிசையையும் முறையாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. நொடிக்குப் பலமுறை இவ்வழைப்பு நடைபெறும். எந்த விசை அழுத்தப்பட்டதோ அதன் விலாசத்தை ஓர் இலக்கமாக்கிக் கம்பி வழியே கணினிக்கு அனுப்புகிறது. விசையை விடும்போதும் விட்ட செய்தியை அனுப்ப வேண்டும். அந்த இலக்கத்துக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது கணினியின் வேலை.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஆங்கில ‘ஏ’ விசைக்கு ஐ.பி.எம். பலகைகள் அனுப்பிய இலக்கம், கணினியார் வழங்கும் பதினாறடிமான முறையில் 1சி. 1996இல் அறிமுகமாகி இன்று எங்கும் பரவியுள்ள யூ.எஸ்.பி. முறையிலோ அதே விசைக்கு இலக்கம் 04. ஒரே பொருளுக்கு இரு மொழியில் இரு சொல் இருப்பது போன்றதே இது. முனையப் பலகைகளில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அவற்றுள் பல, விசையை அழுத்திய செய்தியைச் சொல்லும். விட்ட செய்தியைத் தாமாகச் சொல்லமாட்டா. அக்காலப் பெருங்கணினிக்கு அது தேவைப்படவில்லை. இன்றைய கணினிக்கோ அது இல்லாமல் முடியாது. விட்ட செய்தி வராவிட்டால் விசை இன்னும் அழுந்தியிருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும்.

துபாஷியின் வேலை

நடுவே நிற்கும் துபாஷி ஒரு நுண்கட்டுப்படுத்திச் சில்லு. விரலளவுப் பலகையொன்றில் பொருத்தி விற்கப்படும் ஏ.டி.மெகா 32யூ4 என்பது இவ்வேலைக்குப் பெரிதும் ஏற்றது, ஏனெனில் யூ.எஸ்.பி. மொழியில் பேசும் ஆற்றல் அதற்கு இயல்பாகவே உண்டு. ஒருபுறம் பழைய பலகையின் கம்பிகளையும் மறுபுறம் கணினியையும் அதனோடு இணைக்க வேண்டும். அதனுள் எழுத வேண்டிய கட்டளைத் தொகுதியைப் பலர் ஆக்கி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டிருக்கின்றனர். டி.எம்.கே., கியூ.எம்.கே. என்பன அவற்றுட் சில.

துபாஷி செய்வது மூன்று காரியம். முதலாவது, பலகை விழித்தெழுந்தவுடன், ‘இனி அழுத்தினாலும் சொல், விட்டாலும் சொல்’ என்று அதற்குக் கட்டளையிடுதல். இரண்டாவது, வரும் ஒவ்வோர் இலக்கத்தையும் அட்டவணையில் பார்த்துப் புதிய இலக்கமாக மாற்றுதல். மூன்றாவது, அழுந்தியிருக்கும் விசைகளின் பட்டியலைக் கணினி கேட்கும்போதெல்லாம் அளித்தல். கணினி தன்னெதிரே இருப்பது நேற்றுக் கடையில் வாங்கிய பலகை என்றே நம்பிவிடும். ஐ.பி.எம். முனையங்களுக்கு 122 விசைகள் கொண்ட பலகைகளும் இருந்தன. இன்று பெயரிழந்து நிற்கும் அவ்விசைகளுக்கு நாம் விரும்பிய வேலையைக் கொடுக்கலாம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதற்கே ஒரு விசையை ஒதுக்கிக் கொள்ளலாம்.

செய்ய விரும்பும் மாணவர்க்குச் சில எச்சரிக்கைகள் அவசியம். பொருந்துகிற துவாரம் எல்லாம் பொருத்தமான துவாரம் அன்று. சில முனையப் பலகைகளின் செருகி, இணைய வலையமைப்புக் கம்பியின் செருகி போலவே தோன்றும். வீ.டி. 100 பலகையின் செருகியோ ஒலிபெருக்கிக் கருவிகளில் காணும் செருகியைப் போன்றது. இவற்றைத் தோற்றத்தை நம்பிச் செருகுதல் கூடாது. மின்னழுத்தத்தையும் நோக்க வேண்டும். யூ.எஸ்.பி. அளிப்பது 5 வோல்ற்று, ஐ.பி.எம். பலகைகள் பலவற்றுக்கு அது போதும். எல்.கே. 201 பலகைக்கு 12 வோல்ற்று வேண்டும். அதைத் தனியே அளித்தாக வேண்டும். அந்தப் 12 வோல்ற்று தவறிச் சில்லின்மேல் பாய்ந்தால் சில்லு கருகும். ஆதலின் முதலில் மல்டிமீற்றரால் ஒவ்வொரு கம்பியையும் சோதித்து, எது மின்சாரம், எது நிலக்கம்பி, எது செய்திக்கம்பி என்று குறித்துக்கொண்ட பின்னரே பற்றாசு வைக்க வேண்டும். மலைநாட்டின் ஈரக்காற்றில் நெடுநாள் கிடந்த பலகையாயின் திறந்து தூசியையும் துருவையும் நீக்கி நன்கு உலர்த்துதலும் முதற்கடமையாகும்.

முத்தையா செய்த மொழிபெயர்ப்பு

இத்தகைய வேலையை நம்மவர் ஒருவர் நூறாண்டளவுக்கு முன்னரே வேறொரு வகையில் செய்தார். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா சென்று எழுத்தராகப் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்களே அவர். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படுபவர்.

அவர் முன் நின்ற பிரச்சினையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கரான ஷோல்ஸ் என்பவர் ஆங்கிலத்துக்கென அமைத்த தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1870களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வழி வந்த பொறிகளில் இருந்தவை ஏறத்தாழ நாற்பது நாற்பத்தைந்து விசைகளே. 26 எழுத்துகள் கொண்ட மொழிக்கு அது தாராளம். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். புதுப் பொறியொன்றை அடியிலிருந்து ஆக்குவதென்றால் எந்தத் தொழிற்சாலை முன்வரும்? முத்தையா எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்தார். கொம்பு, கால், புள்ளி முதலியவற்றைத் தனித்தனி விசைகளாக்கினார். எழுத்தின் தலைமேல் ஏறும் புள்ளிக்கு ஓர் உபாயம் கண்டார். சாதாரண விசையைத் தட்டினால் காகிதம் ஓர் இடம் நகரும். அவர் அமைத்த நகரா விசையைத் தட்டினாலோ குறி மட்டும் பதியும், காகிதம் நகராது. ஆகவே முதலில் புள்ளியைத் தட்டி, அதன் கீழே எழுத்தைத் தட்டினால் மெய்யெழுத்து முழுமை பெறும். ஜெர்மனியின் சைடல் நௌமன் நிறுவனத்தார் அவரது பொறியைச் செய்தளித்தனர். ஆங்கிலப் பொறியின் உடலுக்குத் தமிழ் நா பொருத்தப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வரிசையைக் கற்ற தட்டெழுத்தாளர்கள் அலுவலகங்களிலும் பத்திரிகைகளிலும் பல்லாண்டு உழைத்தார்கள். எழுத்து எங்கே இருக்கிறது என்று அவர்களுடைய கண் தேடியதில்லை, விரலே அறிந்திருந்தது. பின்னர்க் கணினி வந்தது. அவர்களுடைய விரல்கள் கற்ற கல்வி என்னாவது என்ற வினாவும் உடன் வந்தது.

இரண்டாம் மொழிபெயர்ப்பு

இலங்கைத் தமிழரிடையே பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துரு அவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தது. அது பெரும்பாலும் தட்டச்சுப் பொறியின் வரிசையையே தழுவியது. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத விரும்புவோர், ஆங்கிலப் பலகையில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளைத் தட்டுவர். திரையில் தமிழ் தோன்றும். ஆனால் கணினியின் நினைவில் இருப்பது தமிழன்று. அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டியது, அவ்வளவே. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் வேடம் கலைந்து, பொருளற்ற ஆங்கிலக் குறிகள் பக்கம் பக்கமாக நிற்கும்.

உண்மைத் தமிழாகக் கணினியில் பதியும் முறை ஒருங்குறி. யூனிகோட் எனப்படும் அதன் முதற்பதிப்பு 1991இல் வெளியாயிற்று. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனக்கென ஓர் இலக்கம் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து இலக்கங்களாகப் பதிகிறது. கண்ணுக்கு மூன்று எழுத்து. பொறிக்கு ஐந்து கூறு. முத்தையா எழுத்தைக் கூறுபடுத்திய வழியே இங்கும் நடப்பதைக் காண்க.

எனினும் வரிசையில் ஒரு வேற்றுமை உண்டு. ‘கொ’ என்பதைப் பழைய முறையில் தட்டுவோர் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலே கொம்பு, க, கால் என்று தட்டுவர். ஒருங்குறியோ ஒலியின் ஒழுங்கைப் பின்பற்றி, முதலில் க, அதன்பின் ஒகரக் குறி என்று பதிகிறது. நகரா விசைப் புள்ளியும் அப்படியே: பொறியில் எழுத்துக்கு முன்னே வரும், கணினியில் பின்னே வரும். எனவே பழைய விரற்பழக்கத்தோடு ஒருங்குறியில் எழுதுவதற்கு இங்கேயும் ஒரு துபாஷி வேண்டும். இது சில்லன்று, மென்பொருள். கொம்பு வந்தவுடன் சற்றுப் பொறுத்திருந்து, அடுத்து வரும் எழுத்தைக் கண்டு, வரிசையை மாற்றி அடுக்கும். இ-கலப்பை முதலிய மென்பொருள்கள் பழைய தட்டச்சு, பாமினி, தமிழ்99 எனப் பல விசை முறைகளை இவ்வாறே ஏற்கின்றன. இலங்கையில் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 : 2008 நியமமும் தட்டச்சு வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகையையே தழுவியது. சிங்களத்துக்கும் தட்டச்சுப் பொறிக்கென எழுந்த விஜேசேகர வரிசை, எஸ்.எல்.எஸ். 1134 : 2004 நியமத்தில் கணினிக்கு ஏற்றதாக நிலைபெற்றது.

பழையதைக் கட்டிக் காப்பதே அறிவு என்று இதனால் கூறவந்தோமில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 முறையில், உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்குமாக ஒழுங்குபெற்றுள்ளது. இன்று புதிதாகக் கற்கும் சிறுவனுக்கு அது எளிது என்பார் கூற்றில் உண்மை உண்டு. அவன் நகரா விசையின் வரலாற்றைச் சுமந்துகொண்டு தட்டவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் முப்பதாண்டு தட்டிய ஒருவரை, ‘உமது விரல் கற்றதை மறந்துவிட்டு வாரும்’ என்று பொறி கட்டளையிடுவது முறையன்று. பொறியை மாற்ற ஒரு சிறு மென்பொருள் போதும். விரலை மாற்ற ஆண்டுகள் வேண்டும். எதை மாற்றுவது எளிதோ அதையன்றோ மாற்ற வேண்டும்?

நம் முன் உள்ள பணி

இச்செய்தியை வேடிக்கையாகப் படித்துவிட்டுப் போகலாகாது. நம் பகுதிகளிலே பாடசாலை மலர், கோயில் விழா மலர், சங்க அறிக்கை, தோட்டத்துப் பாடல்களின் தொகுப்பு, இரங்கல் மலர் என்று முன்னாளில் கணினியில் எழுதப்பட்டவை பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே இருக்கக் கூடும். அச்சிட்ட பிரதியைக் கறையான் உண்டுவிட்ட வீடுகளில், பழைய தட்டிலோ குறுவட்டிலோ கிடக்கும் கோப்பே எஞ்சிய ஒரே பிரதியாகவும் இருக்கலாம். அதைத் திறந்த பிள்ளை, ஆங்கிலக் குறிகளைக் கண்டு கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடுவானாயின், ஒரு தலைமுறையின் எழுத்து ஒரு விசையழுத்தில் மாண்டுபோகும். பழுது கோப்பில் இல்லை; துபாஷி இல்லாமையே பழுது.

பாமினியை ஒருங்குறியாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை கவனமாகப் படித்துச் சரிபார்த்தல் வேண்டும். குறிப்பாக ஒன்று: ‘ர்’ என்ற எழுத்தும், புள்ளியிட்ட காலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், அந்நாளில் பலர் கால் விசையையும் புள்ளியையும் தட்டி ‘ர்’ எழுதினர். மாற்றியபின் அது காலாகவே நின்றுவிடும். பார்ப்பவர்க்குப் பிழை தெரியாது. ஆனால் ‘அவர்’ என்ற சொல்லைத் தேடினால் கணினி இல்லை என்று விடையிறுக்கும். இத்தகைய பிழைகளைத் தேடித் திருத்துவது மாணவர் ஒருவர் விடுமுறையில் எளிதாகச் செய்யக்கூடிய தொண்டு.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று விதித்தது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. கடிதமாகவும் படிவமாகவும் மக்களின் கைக்கு வந்துசேர வேண்டும். அதற்குத் தமிழில் பிழையற விரைந்து தட்ட வல்ல கைகள் வேண்டும். பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலை அடிவாரத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தொழிலும் ஆகும், மொழிப்பணியும் ஆகும். எந்த முறையில் கற்றாலும் நன்றே. ஒரு முறையை முழுமையாகக் கற்றல் வேண்டும்.

பழைய முனையப் பலகையைத் திறந்து, அதன் கம்பிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு, சில்லுக்கு அதன் மொழியைக் கற்பிக்கும் மாணவன் ஒரு பலகையை மட்டும் மீட்கவில்லை. அழுத்தம், இலக்கம், எழுத்து என்னும் மூன்றும் வெவ்வேறு என்பதை அவன் தன் கையாலேயே கற்றுக்கொள்கிறான். அதைக் கற்றவனுக்குப் பாமினிக் கோப்பு ஏன் ஆங்கிலமாகத் தெரிகிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் அப்பாவின் கோப்பையும் அவன் வாசித்துவிடுவான்.